மேல்நிலைத் தொட்டியை வைத்து மைக்ரோகன்ட்ரோலர் கற்போம்: புதியவருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று கேட்டால் ஒன்று அல்லது இரண்டு என்றுதான் பதில் வரும். ஆனால் தொலைக்காட்சி ரிமோட், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர், டிஜிட்டல் எடைக்கருவி ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழுக் கணினி நகத்தளவு சிப்பாக அமர்ந்திருக்கிறது. அதற்குத்தான் மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். நிரலை இயக்கும் செயலி, நிரல் அழியாமல் தங்கும் பிளாஷ் நினைவகம், கணக்குப் போடும்போது பயன்படும் ராம், நேரத்தை அளக்கும் டைமர்கள், வெளியுலகோடு பேசும் கால்கள் (பின்கள்) என எல்லாமே ஒரே சிப்புக்குள் அடங்கியிருப்பதுதான் இதன் தனித்தன்மை. மேசைக் கணினியின் செயலிக்கு நினைவகமும் பிற துணைச் சிப்புகளும் தனியாக வேண்டும். மைக்ரோகன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுத்தாலே போதும், வேலையைத் தொடங்கிவிடும்.

அன்றாடப் பொருள்களில் இது செய்யும் வேலையைக் கவனித்தால் இதன் இயல்பு புரியும். ரிமோட்டுக்குள் இருக்கும் சிப் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தூக்கத்திலேயே கழிக்கிறது. பொத்தானை அழுத்தியதும் விழித்துக்கொண்டு, எந்தப் பொத்தான் என்று பார்த்து, பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பு ஒளியாக அதன் குறியீட்டை அனுப்பிவிட்டு மீண்டும் தூங்கிவிடுகிறது. இரண்டு சிறிய பேட்டரிகள் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்குவதற்கு இந்தத் தூக்கமே காரணம். பிஎல்டிசி மின்விசிறியில் சுழலியின் நிலையைத் தொடர்ந்து கணித்து, எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் தர வேண்டும் என்று மைக்ரோகன்ட்ரோலர் முடிவு செய்வதால்தான், பழைய விசிறி 75 வாட் எடுத்த இடத்தில் இது ஏறக்குறைய 30 வாட்டில் ஓடுகிறது. 2020 ஏப்ரல் 1 அன்று வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று அங்கே கணக்கிடுவதும் இதே இனத்துச் சிப்தான்.

இவற்றில் எதை எடுத்தாலும் வேலை மூன்று படிகளில் முடிந்துவிடுகிறது: உள்ளீட்டைப் படிப்பது, முடிவு எடுப்பது, வெளியீட்டை மாற்றுவது. இதற்கான நிரல் பல சமயம் இருபது வரிகளைத் தாண்டாது. புதியவர் திணறும் இடம் நிரல் அல்ல. கம்பி, நீர், அலை, மோட்டார், மின்வெட்டு ஆகியவற்றைச் சிப் தொடும் எல்லைதான் அவருக்கு உண்மையில் சிரமம் தருகிறது. பெரும்பாலான தொடக்க நூல்கள் எல்இடி விளக்கைச் சிமிட்ட வைப்பதோடு நின்றுவிடுவதால் அந்த எல்லையைக் காட்டுவதே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அதன் வழியாகவே எல்லாவற்றையும் பார்ப்போம்.

எந்தப் பலகை?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1974இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஎம்எஸ் 1000, 1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 ஆகியவை இத்துறையின் மூத்த தலைமுறை. நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் 8051ஐ அசெம்பிளி மொழியில் இயக்கிப் பார்த்தவர்கள் ஏராளம். அது நல்ல பயிற்சிதான். ஆனால் வீட்டில் தானாகக் கற்கத் தொடங்குபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ, சிப்பையும் யுஎஸ்பி இணைப்பையும் எளிய மென்பொருளையும் ஒன்றாகக் கட்டித் தந்ததால், சிப்பை நேரடியாகக் கையாளும் சிரமம் பெருமளவு குறைந்துவிட்டது.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள அட்மெகா 328பி சிப்பின் அளவுகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது: நிரலுக்கு 32 கிலோபைட், ராம் 2 கிலோபைட், மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் 1 கிலோபைட், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட இதற்குள் வைக்க முடியாது. ஆயினும் தொட்டி வேலைக்கு இதில் ஒரு சிறு பகுதியே போதும். இஎஸ்பி 32 பலகையில் வைஃபை உண்டு, வேகமும் பல மடங்கு. 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ மலிவானது. இரண்டும் சிறந்தவை என்றாலும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. கம்பியை மாற்றிச் செருகினால் பொறுத்துக்கொள்ளும் தன்மை அவற்றில் குறைவு. முதல் பலகை 5 வோல்ட் ஊனோவாகவே இருக்கட்டும். வாங்கும்போது, 28 கால்கள் கொண்ட நீளமான சிப் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சிப் கருகினால் பூட்லோடர் (யுஎஸ்பி வழியாக வரும் நிரலை வாங்கிச் சிப்பில் பதிக்கும் சிறு நிரல்) ஏற்றிய இன்னொரு சிப்பை வாங்கிச் செருகிக்கொள்ளலாம், பலகையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பலகையோடு ஒரு பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப்பலகை), ஜம்பர் கம்பிகள், சில எல்இடிகள், 220 ஓம், 1 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 5 வோல்ட் பஸ்ஸர் ஒன்று, பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 5 வோல்ட் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) மாட்யூல் ஒன்று, மிதவை ஸ்விட்ச் மூன்று, ஒரு மல்டிமீட்டர் ஆகியவை வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இவை அனைத்தும் ஒரே நடையில் கிடைத்துவிடும். மல்டிமீட்டரை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நிரலில் பிழையா, கம்பியில் பிழையா என்று பிரித்துச் சொல்வது அது ஒன்றுதான்.

முதல் படி: பலகையோடு பேசுதல்

நிரலை எழுதிப் பலகையில் ஏற்ற உதவும் ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளைக் கணினியில் நிறுவி, பலகையை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, கருவிகள் பட்டியலில் பலகையின் பெயரையும் போர்ட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்ட் தென்படவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கம்பி சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமானது, தகவல் கடத்தும் இழைகள் அதில் இல்லை, அல்லது மலிவான நகல் பலகைகளில் வரும் சிஎச் 340 என்ற யுஎஸ்பி சிப்புக்கான டிரைவர் கணினியில் இல்லை. எடுத்துக்காட்டுகளில் உள்ள பிளிங்க் நிரலை ஏற்றினால் பலகையிலேயே 13ஆம் காலோடு இணைந்திருக்கும் சிறு விளக்கு நொடிக்கு ஒருமுறை மாறி மாறி எரிந்து அணையும்.

அந்த நிரலில் இரண்டு பகுதிகள் இருப்பதைப் பாருங்கள். செட்அப் என்ற பகுதி மின்சாரம் வந்ததும் ஒரே ஒரு முறை ஓடும். எந்தக் கால் உள்ளீடு, எந்தக் கால் வெளியீடு என்பதை பின்மோட் கட்டளையால் அங்கே அறிவிக்கிறோம். லூப் என்ற பகுதி மின்சாரம் இருக்கும்வரை முடிவின்றித் திரும்பத் திரும்ப ஓடும். நிரல் முடிந்து நிற்பது என்ற ஒன்றே மைக்ரோகன்ட்ரோலருக்குக் கிடையாது என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இதையொட்டியே அமையும்.

அடுத்து, 8ஆம் காலிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிவப்பு எல்இடியை இணைத்து அதைச் சிமிட்ட வையுங்கள். நீளமான கால் ரெசிஸ்டர் பக்கம், குட்டையான கால் கிரவுண்ட் (பலகையில் GND என்று குறித்த கால்) பக்கம். ரெசிஸ்டர் ஏன் என்பதற்குக் கணக்கு எளிது. கால் தருவது 5 வோல்ட், எல்இடி தனக்கென எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 2 வோல்ட், மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர் வருகிறது. அட்மெகா 328பி சிப்பின் ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியர்வரை தாராளமாக எடுக்கலாம், 40 என்பது தாண்டக் கூடாத உச்சம். இந்த எண்ணை மறக்காமல் இருந்தால், மோட்டாரையோ ரிலேச் சுருளையோ காலில் நேரடியாக இணைக்கும் எண்ணமே எழாது.

இரண்டாம் படி: மிதவையைப் படித்தல்

நீர்மட்டத்தை அறிய இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு, அவற்றுக்கிடையே மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் முறை இணையத்தில் அதிகம் காணக் கிடைக்கிறது. செலவே இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே திசையில் தொடர்ந்து மின்சாரம் பாய்வதால் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து, கம்பி சில மாதங்களில் பச்சை பூத்து அரிக்கப்பட்டுவிடும். குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் தொட்டி என்றால் இதைத் தொடவே வேண்டாம். மிதவை ஸ்விட்ச்சில் மின்சாரம் பாயும் உலோகம் எதுவும் நீரைத் தொடுவதில்லை: மிதவைக்குள் ஒரு காந்தம், தண்டுக்குள் அடைக்கப்பட்ட ஒரு ரீட் ஸ்விட்ச், வெளியே வரும் இரண்டு கம்பிகள். காந்தம் அருகே வந்தால் ஸ்விட்ச் மூடும், விலகினால் திறக்கும்.

ஒரு கம்பியைக் கிரவுண்டிலும் மற்றொன்றை 2ஆம் காலிலும் இணைத்து, அந்தக் காலை இன்புட்_புல்அப் என்று அறிவியுங்கள். இப்படி அறிவித்தால் சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோஓம் வரையிலான ஒரு ரெசிஸ்டர் காலை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்விட்ச் திறந்திருந்தால் ஹை (5 வோல்ட்) என்றும், மூடியிருந்தால் லோ (0 வோல்ட்) என்றும் டிஜிட்டல்ரீட் கட்டளை திருப்பித் தரும். இந்த இழுப்பு இல்லையென்றால் கால் எதோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கும். அருகே கையைக் கொண்டுபோனாலே அளவீடு மாறும்.

இங்கே ஒரு வடிவமைப்பு முடிவு இருக்கிறது; கருவியின் நம்பகத்தன்மை முழுவதும் அதில்தான் நிற்கிறது. தொட்டி நிரம்பும்போது ஸ்விட்ச் மூட வேண்டுமா, திறக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் நிரல் எழுதலாம். ஆனால் மாடியிலிருந்து வரும் கம்பியை ஒருநாள் எலி கடித்துவிடும், அல்லது வெயிலில் காய்ந்து அறுந்துவிடும். நிரம்பினால் மூடும் என்று வைத்திருந்தால், அறுந்த கம்பி ‘இன்னும் நிரம்பவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடும். நிரம்பினால் திறக்கும் என்று வைத்தால் அறுந்த கம்பி ‘நிரம்பிவிட்டது’ என்று சொல்லும், மோட்டார் நின்றுவிடும். குழாயில் தண்ணீர் வராததைக் கண்டு வீட்டார் காரணம் தேடுவார்கள். ஆகவே மேலே வைக்கும் மிதவை தாழ்ந்திருக்கும்போது மூடியும் உயரும்போது திறந்தும் இருக்க வேண்டும். சிறிய மிதவை ஸ்விட்ச்களில் பூட்டு வளையத்தைக் கழற்றி மிதவையைத் தலைகீழாக மாட்டினால் இந்தப் போக்கு மாறிவிடும். மல்டிமீட்டரின் பீப் நிலையில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மாடியிலிருந்து தரைத்தளம் வரை பத்து, பதினைந்து மீட்டர் நீளும் கம்பி ஓர் ஆன்டெனாவைப் போல அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலை வாங்கும். அதற்கு எதிராக உள் ரெசிஸ்டர் மிகவும் பலவீனமானது. 2ஆம் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே வெளியில் ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரும், காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: அலையும் நேரமும்

குழாயிலிருந்து நீர் விழும்போது தொட்டியின் மேற்பரப்பு அமைதியாக இருக்காது. நிரம்பும் தறுவாயில் மிதவை மேலும் கீழும் ஆடி, ஒரு நொடிக்குள் பலமுறை திறந்து மூடும். லூப் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஓடுவதால் இந்த ஆட்டம் ஒவ்வொன்றையும் சிப் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்; மோட்டார் படபடவென்று நின்று ஓடும். தீர்வு, அளவீடு 5 நொடிகள் மாறாமல் நீடித்தால் மட்டுமே அதை நம்புவது.

இதற்கு டிலே கட்டளையைப் பயன்படுத்தும் ஆசை வரும். டிலே ஓடும் 5 நொடிகளும் உங்கள் நிரல் வேறு எதையும் பார்க்காது. மற்ற மிதவைகளையும் படிக்காது. அதற்குப் பதிலாக, பலகை விழித்ததிலிருந்து கழிந்த மில்லி நொடிகளைச் சொல்லும் மில்லிஸ் என்ற செயல்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். அளவீடு மாறிய கணத்தின் மில்லிஸ் மதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு, இப்போதைய மதிப்பிலிருந்து அதைக் கழித்தால் வரும் விடை 5000ஐத் தாண்டும்போது புதிய நிலையை ஏற்க வேண்டும். நடுவில் மீண்டும் மாறினால் குறிப்பைப் புதுப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த எண்ணைச் சேமிக்கும் மாறியின் வகையில் கவனம் தேவை. ஊனோவில் இன்ட் என்ற வகை 32,767 வரைதான் தாங்கும்; மில்லி நொடிகளில் அது 33 நொடிக்கும் குறைவு. கருவி மேசையில் ஒழுங்காக ஓடி, அரை நிமிடம் கழித்துக் கிறுக்குப் பிடித்தாற்போல் நடந்துகொண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அன்சைன்ட் லாங் என்று அறிவியுங்கள். அந்த எண்ணும் 49.7 நாள்களில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஆனால் மேலே சொன்னபடி கழித்துப் பார்க்கும் முறையில் எழுதினால் இந்தத் திரும்பலாலும் கணக்குப் பிசகாது. கூட்டி ஒப்பிடும் முறையில் எழுதினால் பிசகும்.

நான்காம் படி: முடிவெடுக்கும் நிரல்

ஒரே மிதவை இருந்தால் நீர் அந்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிய உடனே மோட்டார் ஓடும், இரண்டே நிமிடத்தில் நிற்கும். பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். ஆகவே மேல்தொட்டியில் கால்வாசி மட்டத்தில் ஒன்று, விளிம்புக்குக் கீழே ஒன்று என இரண்டு மிதவைகள் வேண்டும். மூன்றாவது கீழே சம்ப்பில். அதில் நீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் சீல் கருகிவிடும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. சம்ப் மிதவை மட்டும் தலைகீழ்ப் போக்கில், நீர் இருக்கும்போது மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் அதன் கம்பி அறுந்தாலும் மோட்டார் நிற்கும்.

விதிகள் இவை. சம்ப் வறண்டால், வேறு எதுவும் பார்க்காமல் மோட்டாரை நிறுத்து. மேல் மிதவை உயர்ந்தால் நிறுத்து. கீழ் மிதவை தாழ்ந்து, சம்ப்பில் நீரும் இருந்தால் ஓட்டு. இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால் இப்போது இருக்கும் நிலையிலேயே விட்டுவிடு. கடைசி விதிதான் இரண்டு மட்டங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கருவியை அமைதியாக வைத்திருக்கிறது. நிறுத்தும் விதிகள் ஓட்டும் விதிக்கு முன்னால் வர வேண்டும்; வரிசை மாறினால் பாதுகாப்பு போய்விடும். கூடவே ஒரு காலவரம்பும் வையுங்கள்: வழக்கமாகத் தொட்டி நிரம்ப 25 நிமிடம் ஆகும் என்றால், 40 நிமிடம் ஓடியும் நிரம்பவில்லையெனில் மோட்டாரை நிறுத்தி பஸ்ஸரை ஒலிக்கச் செய்யலாம். குழாய் உடைப்பு, சிக்கிய மிதவை, காற்றடைத்த பம்பு என நாம் முன்கூட்டி எண்ணாத பல பழுதுகளை இந்த ஒரு விதியே பிடித்துவிடும்.

இந்தக் கட்டத்தில் மோட்டாரை இணைக்காதீர்கள். மோட்டாருக்குப் பதிலாக ஓர் எல்இடியும், எச்சரிக்கைக்கு பஸ்ஸரும் போதும். பஸ்ஸர் பலவும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுப்பதால் காலிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்து, பஸ்ஸரை டிரான்சிஸ்டர் இயக்கட்டும். மிதவைகளை ஒரு வாளி நீரில் அமிழ்த்தித் தூக்கிச் சோதித்து, பலகை அனுப்பும் செய்திகளை ஐடிஇயில் காட்டும் சீரியல் மானிட்டரில் ஒவ்வொரு முடிவையும் எழுத்தாகப் பார்த்து, பிறகு ஒரு வாரம் மோட்டாரைக் கையாலேயே இயக்கிக்கொண்டு எல்இடி சரியாக நடந்துகொள்கிறதா என்று கவனியுங்கள்.

ஐந்தாம் படி: 230 வோல்ட்டின் எல்லை

ரிலே மாட்யூலில் உள்ள நீலப் பெட்டியின் மீது 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்; அத்தகைய மோட்டார் ஓடும்போது சுமார் 6 அல்லது 7 ஆம்பியர்தான் எடுக்கும் என்பதால் இந்த ரிலே போதும் என்று தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு மின்சாரம் பாய்கிறது. அந்தப் பொறியில் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், நிரல் நிறுத்து என்று எத்தனை முறை சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாரின் பெரிய மின்சாரத்தைத் தாங்கும் வலுவான ரிலே) சுருளை மட்டும் இயக்கட்டும். மோட்டாரின் மின்சாரம் கான்டாக்டர் வழியாகவே போகட்டும். இந்த 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஈரமான மோட்டார் அறையில் சோதனை முயற்சிகளுக்கு இடமில்லை. எப்போதும் கையால் இயக்கத்தக்க பழைய ஸ்விட்ச்சையும் மாற்றுவழியாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பல ரிலே மாட்யூல்கள் லோ கொடுத்தால் இயங்கும் வகை. வெளியீடாக அறிவிக்கும் கணத்தில் கால் இயல்பாக லோவில் இருப்பதால், மின்தடை நீங்கி மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் ரிலே ஒருமுறை சொடுக்கிவிடும். செட்அப் பகுதியில் முதலில் டிஜிட்டல்ரைட் கட்டளையால் ஹை கொடுத்துவிட்டு, அதன்பின் பின்மோட் அறிவித்தால் இந்தச் சொடுக்கு நின்றுவிடும். மோட்டார் நிற்கும் கணத்தில் பலகை தானாக மறுதொடக்கம் ஆவது இன்னொரு பழகிய தொல்லை. கான்டாக்டர் சுருள் விடும்போது எழும் மின்துடிப்பே அதற்குக் காரணம். சுருளுக்குக் குறுக்கே அதற்கென விற்கும் ஆர்சி ஸ்னப்பரை (துடிப்பை அடக்கும் ரெசிஸ்டர், கபாசிட்டர் இணை) போடச் சொல்லுங்கள். பலகையின் கம்பிகளை மோட்டார்க் கம்பிகளோடு ஒரே குழாயில் ஓட்ட விடாதீர்கள்.

ஆறாம் படி: நிரந்தரமாக நிறுவுதல்

பிரெட்போர்டு மேசைக்கு மட்டுமே உரியது. அதிர்விலும் ஈரத்திலும் அதன் பிடி தளரும் என்பதால், இணைப்புகளைத் துளையிட்ட பிசிபியில் (மின்சுற்றுப் பலகை) சால்டர் செய்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். மின்சாரத்துக்கு நல்ல 5 வோல்ட் அடாப்டர் ஒன்று போதும்.

சிப்புக்குள் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் ஒன்று உண்டு. லூப் ஓடும் ஒவ்வொரு முறையும் நிரல் அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். நிரல் எங்காவது உறைந்துபோய்த் தட்டத் தவறினால், நாம் வைத்த காலம் கழிந்ததும் அது சிப்பை மறுதொடக்கம் செய்யும். இந்தச் சிப்பில் அதிகபட்சம் 8 நொடிகள் வரை அந்தக் காலத்தை வைக்கலாம். யாரும் பார்க்காத அறையில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு இது அவசியம். ஊனோவில் தடையின்றி இயங்கும். பழைய பூட்லோடர் கொண்ட சில நானோ பலகைகளில் மட்டும் முடிவில்லாமல் மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கும் என்பதால், அங்கே புதிய பூட்லோடரை ஏற்றியபின் பயன்படுத்துங்கள்.

மோட்டார் எத்தனை முறை ஓடியது என்பதை ஈப்ராமில் சேமிக்க விரும்பினால், எண்ணிக்கை மாறும்போது மட்டும் எழுதுங்கள். ஓர் இடத்தில் 1,00,000 முறை எழுதுவதற்கே அது உத்தரவாதம் பெற்றது. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எழுதினால் சில நிமிடங்களிலேயே அந்த வரம்பு தீர்ந்துவிடும்.

கைப்பேசியில் நீர்மட்டம் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் இதற்குப் பிறகு வந்தால் இஎஸ்பி 32க்கு மாறலாம். இதே நிரலைப் பெரிய மாற்றமின்றி அதே ஐடிஇ வழியாக ஏற்ற முடியும். மிதவைகளின் வெளி ரெசிஸ்டர்களை 5 வோல்ட்டிலிருந்து கழற்றி 3.3 வோல்ட்டில் இணைக்க மறக்க வேண்டாம். மட்டத்தைத் தொடர்ச்சியாக அளக்க எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) போன்ற 5 வோல்ட் அல்ட்ராசானிக் உணரியைச் சேர்ப்பதானால், அதன் எக்கோ காலை நேராக இணைக்காமல், 1 கிலோஓம், 2 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரித்து 3.3 வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும். தொட்டிக்குள் எப்போதும் நீராவி படியும் என்பதால், அந்த உணரியில் நீர் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.